அக்காவைப் பிடித்துக் கொடுத்த வேலை

எங்கள் அக்காவுக்கு ஒரே ஒரு புகைப்படம்தான் இருந்தது. அதில் அவள் இறந்திருந்தாள்.

தேயிலைத் தோட்டத்தில் சாவு விழுந்தால் தலவாக்கலையிலிருந்து ஸ்டூடியோக்காரரைக் கூட்டிவந்து, பெட்டியைச் சுற்றி உறவினர்களை நிறுத்திப் படம் எடுப்பது அப்போது வழக்கம். அந்தப் படத்தில் அம்மா தலைமாட்டில் நிற்கிறாள். நான் பாடசாலை வெள்ளைச் சட்டையோடு கால்மாட்டில் நிற்கிறேன். அக்காவின் முகம் குளவி கொட்டி வீங்கி, கண்கள் இரண்டும் கோடுகளாகிக் கிடக்கிறது. தெரியாதவர்கள் பார்த்தால் நடுத்தர வயதுப் பெண் என்பார்கள். அவளுக்குப் பத்தொன்பது வயது. எனக்குப் பதின்மூன்று.

வேறு படம் இல்லை. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க இரண்டு முறை தோட்டத்துக்கு ஆள் வந்தார்கள். இரண்டு முறையும் அக்கா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த முறை எடுத்துக்கொள்ளலாம் என்றாள்.

அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். எட்டாம் வகுப்போடு அக்கா படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவோடு மலைக்குப் போனது நான் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான். அதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அவளது இடது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது. ஐந்து வயதில் நான் கோபத்தில் தகர மூடியை வீசி எறிந்ததால் வந்தது. அம்மா கேட்டபோது படியில் விழுந்துவிட்டேன் என்று சொன்னவள் அவள்.

அவள் இறந்தது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு வியாழக்கிழமை. லிந்துலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில், சவுக்கு மரத்திலிருந்த குளவிக் கூடு கலைந்து பெண்கள் மீது பாய்ந்தது. மற்றவர்கள் கூடையை உதறிவிட்டு ஓடினார்கள். அக்காவின் கூடைக் கயிறு தலைத்துணியோடு சிக்கிக்கொண்டது. கொழுந்து லொறியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் பாடசாலையிலிருந்து வந்தபோது, வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் கூட்டம் நின்றது. அதற்குப் பிறகு நான் பார்த்தது அந்த வீங்கிய முகத்தைத்தான். எவ்வளவு முயன்றாலும் அதற்கு முந்திய முகம் எனக்கு நினைவில் வரவில்லை. அவளைப் பற்றி எனக்கிருந்த பெரிய பயம் அதுதான்.

ஒன்பது வருடம் அப்படியே போனது.

உயர்தரப் படிப்பு முடித்து, ஒரு வருடம் கணினி படித்தபின், ஹட்டனில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு கணினி நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்தது. மூன்று கணினிகள், ஒரு தொலைபேசி இணைப்பு. நடத்தியவர் யாழ்ப்பாணத்துக்காரர். பல வருடம் மலையகத்துப் பாடசாலைகளில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் போல நானும் அவரை ‘சேர்’ என்றே கூப்பிட்டேன்.

காலையில் பிள்ளைகளுக்குத் தட்டச்சும் கணினியும் சொல்லிக்கொடுப்போம். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வேறு வேலை. வெளிநாட்டில் இருந்த அவருடைய தம்பி மூலமாக, புகைப்படங்களை விற்கும் ஒரு நிறுவனத்தின் வேலை எங்களுக்கு வந்தது. அவர்களுடைய படங்களை அனுமதியில்லாமல் இணையத்தில் போட்டிருப்பவர்களைத் தேடிப் பிடித்து எழுதி அனுப்ப வேண்டும்.

முதல் நாள் சேர் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு விளங்கப்படுத்தினார்.

“படத்துக்குள்ள ஒரு குறி ஒளிச்சு வைச்சிருக்கினம், பிள்ளை. கண்ணுக்குத் தெரியாது. ஆராவது களவா எடுத்துத் தங்கட பக்கத்தில போட்டா, இந்த மென்பொருள் அந்தக் குறியை வாசிச்சுக் காட்டிக் குடுத்திடும்.”

“அப்ப நாம எதுக்கு சேர்?”

“கள்ளனும் படிச்சவன்தானே. ஓரத்தை வெட்டுவான், நிறத்தை மாத்துவான், படத்தைச் சின்னனாக்குவான். அப்ப குறி அழிஞ்சு போகும். பிறகு மனுசக் கண்தான் பாக்க வேணும்.”

ஒரு குறுந்தட்டில் அவர்கள் படங்களைத் தபால் முத்திரை அளவில் அனுப்பியிருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது இலங்கைப் படங்கள்: யானைகள், கடற்கரைகள், சிவனொளிபாத மலையில் விடியல், தேயிலை மலைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். கொழுந்தெடுக்கும் பெண்களின் படங்கள் பல இருந்தன. முத்திரை அளவில் எல்லாப் பெண்களும் ஒரே பெண்தான். தலைத்துணி, கூடை, பச்சை. நான் அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து மூடினேன். எதுவும் தோன்றவில்லை.

இரண்டாவது கிழமை. வெளியே மழை. ஏதோ ஒரு குளிர்நாட்டுத் தேயிலை வியாபாரியின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். அந்தக் காலத்து இணைப்பில் ஒரு பெரிய படம் வந்து சேர ஐந்தாறு நிமிடம் ஆகும். மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இறங்கும். முதலில் மூடுபனி வந்தது. பிறகு ஒரு சவுக்கு மரத்தின் கிளை. பிறகு மலையின் விளிம்பு. ஒரு சிவப்புத் தலைத்துணி. நெற்றி. இடது புருவம், அதில் ஒரு வெள்ளைக் கீறல்.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கண்கள் இன்னும் வரவில்லை. கையைத் தட்டெழுத்துப் பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் கோடு கோடாக இறங்கி வந்துகொண்டிருந்தாள். கண்கள் வந்தன. மூக்குத்தி. சிரிப்பு. கழுத்தில் மாதா சுரூபம் கோத்த கறுப்புக் கயிறு. கொழுந்துச் சாறு பிடித்துக் கறுத்த விரல்கள். இடுப்பில் ஈரம் படாமல் கட்டிய படங்குச் சாக்கு.

ஒன்பது வருடமாக எனக்கு நினைவு வராத முகம். எதிரில் உட்கார்ந்திருப்பவளைப் போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“என்ன பிள்ளை, சரிவந்ததே?” என்று அடுத்த மேசையிலிருந்து சேர் கேட்டார்.

“ஆமா சேர். ஒண்ணு கெடச்சிருக்கு.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இது என் அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவள் யாரோ ஆகிவிடுவாள் என்று தோன்றியது. வேலை புதிது என்பதும் இருந்தது. படிவத்தைத் திறந்து நிரப்பினேன். படத்தின் எண், பக்கத்தின் முகவரி, படத்தின் அளவு, என்ன மாற்றம் செய்திருக்கிறார்கள். அந்த எண்ணுக்கு எதிரே நிறுவனம் எழுதியிருந்த விளக்கம் மூன்று சொற்கள்: தேயிலை பறிப்பவள், இலங்கை. எப்படி அடையாளம் கண்டது என்று கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. மென்பொருளா, கண்ணா. ‘கண்’ என்று குறித்தேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு அந்தப் பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தபோது அவள் இருந்த இடத்தில் ஒரு வெற்றுக் கட்டமும், அதன் மூலையில் சின்னச் சிவப்புப் பெருக்கல் குறியும் மட்டும் இருந்தன. நான் அனுப்பிய படிவம் வேலை செய்திருக்கிறது. நிறுவனம் கடிதம் எழுதி எடுக்க வைத்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் அவளைத் தேட ஆரம்பித்தேன். மற்றப் படங்களையும் தேடினேன்தான், ஆனால் யானைகளுக்காகவும் கடற்கரைகளுக்காகவும் என் நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. அவள் எங்கெங்கோ இருந்தாள். ஒரு ஹோட்டலின் முகப்பில் இருந்தாள். ஒரு பயண முகவரின் பக்கத்தில் ஒட்டகங்களுக்கும் கோபுரங்களுக்கும் நடுவில் இருந்தாள். முகத்துக்குப் பூசும் கிறீம் ஒன்றின் விளம்பரத்தில் அவளது தோலை வெளிறச் செய்து, புருவத்துத் தழும்பை அழித்துவிட்டிருந்தார்கள். அதைப் பார்த்தபோது என்னையும் சேர்த்துத் துடைத்துவிட்டதுபோல இருந்தது.

சில பக்கங்களில் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். மென்பொருளால் அதைப் பிடிக்க முடியவில்லை. நான் பார்த்த உடனேயே பிடித்துவிடுவேன். அக்காவின் மூக்குத்தி எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாதா?

சுனாமி வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. உதவி சேர்ப்பதாகச் சொன்ன ஒரு பக்கத்தில் அவளைக் கண்டேன். அங்கே அவளுக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் கடல் கொண்டுபோனது என்றும், மிஞ்சியிருப்பது இந்தச் சிரிப்பு மட்டும்தான் என்றும் எழுதியிருந்தது. அக்கா கடலையே பார்த்ததில்லை. தலவாக்கலையைத் தாண்டி அவள் போனது நல்லதண்ணிக்கு ஒரு தடவை, சீசன் நேரத்தில், சிவனொளிபாத மலையேறப் போன தோட்டத்துச் சனத்தோடு. அந்தப் பக்கத்தையும் படிவத்தில் எழுதி அனுப்பினேன். இரண்டு கிழமையில் அங்கிருந்தும் போய்விட்டாள்.

நிறுவனத்திலிருந்து பாராட்டு வந்தது. மென்பொருள் தவறவிடுவதையெல்லாம் உங்கள் ஆள் எப்படிப் பிடிக்கிறார் என்று கேட்டிருந்தார்கள். சேர் அந்த மின்னஞ்சலை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார்.

நான் அதைப் பார்க்காமல் உட்காரப் பழகினேன். ஏனென்றால் அதற்குள் எனக்கு விளங்கிவிட்டிருந்தது. நான் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு இடத்திலிருந்தும் அவள் காணாமல் போனாள். நான் பார்க்காமல் விட்டிருந்தால் அங்கேயே இருந்திருப்பாள். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது றோட்டோரத்து மலையில் கொழுந்தை எடைபோட்டுவிட்டு இறங்கும் பெண்கள் எதிரே வருவார்கள். மூடுபனிக்குள்ளிருந்து ஒவ்வொரு தலைத்துணியும் கிட்ட வரவர, இதோ புருவத்தில் கீறல் தெரியப்போகிறது என்று இருக்கையைப் பிடித்துக்கொள்வேன். அவர்கள் வேறு யாரோவாகக் கடந்து போவார்கள். வீட்டில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டே நிமிர்ந்து, “என்னாடி சின்னவ, பேயறைஞ்ச மாதிரி வார?” என்பாள். “பஸ்ல நின்னுகிட்டே வந்தேம்மா” என்பேன்.

ஒருநாள் படிவத்தை நிரப்பாமல் விட்டேன். அடுத்த கிழமை இரண்டை விட்டேன். பிறகு அவளைக் கண்ட எந்த இடத்தையும் எழுதவில்லை. அந்த முகவரிகளை மட்டும் என் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன். வேலை தொடங்குமுன் ஒவ்வொன்றாகத் திறந்து, இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு மூடுவேன்.

அது நெடுநாள் நீடிக்கவில்லை. நிறுவனத்தில் வேறொருவர் எங்கள் வேலையைச் சரிபார்த்திருக்கிறார். ஒரே எண்ணுடைய படம் ஏழு இடங்களில் தவறவிடப்பட்டிருக்கிறது என்று எழுதிக் கேட்டார்கள். சேர் அந்த மின்னஞ்சலை வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். படிக்க வந்த பிள்ளைகள் போயிருந்தார்கள். அப்போதுதான் மின்சாரமும் போயிருந்தது.

“பிள்ளை, யானை தவறேல்லை. கடற்கரை தவறேல்லை. இந்த ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ர படம் மட்டும் எப்பிடித் தவறினது?”

நான் கையிலிருந்த கொப்பியை மூடினேன்.

“ஆரும் உமக்கு ஏதும் சொன்னவையே? பயமுறுத்தினவையே?”

“இல்ல சேர்.”

“அப்ப ஏன்?”

“அது எங்க அக்கா.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். குளவி, பெட்டியோடு எடுத்த படம், தகர மூடி, கோடு கோடாக வந்தது, சிவப்புப் பெருக்கல் குறி. 

“நீர் முதலே சொல்லியிருக்கலாம்,” என்றார். பிறகு, “சண்டையில நாங்கள் இடம்பெயரேக்க பட அல்பங்களை மண்ணுக்குள்ள தாட்டுப்போட்டு வந்தனாங்கள். திரும்பிப் போய்ப் பாத்தால் எல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கிடக்குது. அம்மான்ர முகம் எந்தப் படத்திலயும் இல்லை. எனக்கிப்ப அவவின்ர குரல்தான் ஞாபகம். முகம் இல்லை,” என்றார்.

அதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, யன்னலைப் பார்த்தார்.

இரண்டு நாளைக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து ஒரு குறுந்தட்டு வந்தது. யாரோ அக்காவின் படத்தைத் தேயிலைப் பக்கற்றிலும் அச்சடித்திருக்கிறார்களாம். அதை ஒப்பிட்டுப் பார்க்க மூலப்படத்தை முழு அளவில் அனுப்பியிருந்தார்கள். சேர் அதை என் மேசையில் வைத்தார்.

“முழுப் படம் வந்திருக்குது. ஆறுதலாப் பாரும். நான் கீழ போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்.”

திரையில் திறந்தபோது அவளது ஒரு கண் மட்டுமே திரை முழுக்க நிறைந்தது. அவ்வளவு பெரிய படம். நான் மெல்ல நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். இமையில் பனித்துளி இருந்தது. கீழுதட்டில் ஒரு வெடிப்பு. தலைத்துணி என்னுடைய பழைய பாவாடையிலிருந்து கிழித்தது. ஓரத்தில் இருந்த வெள்ளைப் பூவை வைத்து அதைக் கண்டேன். அவள் விரலில் கட்டியிருந்த துணிக்கட்டைக்கூடக் கண்டேன். இவ்வளவு கிட்டத்தில் உயிரோடு இருந்தபோதுகூட நான் அவளைப் பார்த்ததில்லை.

பிறகு மேலே நகர்த்தினேன். பனி. சவுக்கு மரம். கிளை பிரியும் இடத்தில் ஒரு கறுத்த முண்டு. மரத்தின் கணு என்று முதலில் நினைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். அடுக்கடுக்காகச் சாம்பல் நிறக் கோடுகள் ஓடின. அதைச் சுற்றிக் காற்றில் சின்னச் சின்னப் புள்ளிகள். சிறிய படங்களில் ஒருவரும் அதைக் கண்டிருக்க முடியாது. எத்தனை பேர் அந்தப் படத்தை எடுத்துப் போட்டிருப்பார்கள், எத்தனை பேர் பார்த்திருப்பார்கள். அவளது தலைக்கு மேலே அது எப்போதும் இருந்திருக்கிறது.

சேர் திரும்பி வந்தபோது நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவரும் குனிந்து பார்த்தார். பிறகு பிரிண்டரில் நல்ல தாள் ஒன்றை வைத்தார்.

“இதை அடிக்க எங்களுக்கு அனுமதி இல்லை, பிள்ளை. களவுதான். நீர் அடியும். நான் காணேல்லை.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபின், எங்கள் வீட்டுக் காம்பரா வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் அதைக் கொடுத்தேன். கைகளைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். பார்த்தாள். அழுவாள் என்று நினைத்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் அழவில்லை. ஒரு விரலால் அந்தப் புருவத்தைத் தொட்டாள். பிறகு விரல் மேலே போய் மரத்தில் நின்றது. நான் சொல்லாமலே கண்டுகொண்டாள்.

“இது அந்த வெள்ளக்காரன் எடுத்தது.”

“ஒங்களுக்குத் தெரியுமாம்மா?”

“நானும் அங்கதானே நின்னேன். தோட்டத்துத் தொரையோட வந்தான், கழுத்துல ரெண்டு கேமராவ மாட்டிக்கிட்டு. அந்த மலையில கொழுந்தே இல்ல, முந்தின நாளுதான் எடுத்து முடிச்சிருந்தோம். வேற மலையில எடுத்த கொழுந்த கூடையில கொட்டிக்கிட்டு வந்து நிக்கச் சொன்னாங்க. பாக்க நல்லா இருக்குமாம்.”

“அந்தக் கூடு?”

அம்மா படத்தை மடியில் வைத்தாள். பக்கத்து வீட்டு வானொலியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

“அத அந்த வாரமே கண்டுட்டோம். கணக்கப்புள்ளைக்கிட்ட சொன்னோம். பொகை போட்டு எறக்குறேன்னுதான் சொன்னாரு. அப்புறம், படம் எடுக்க ஆளு வாராங்க, இப்ப பொகை போட்டா மலையெல்லாம் பொகையா கெடக்கும், அவங்க போன பொறவு பாத்துக்கலாம்னு சொல்லிட்டாரு. அவங்க போயிட்டாங்க. அதுக்கப்புறம் யாருக்கு ஞாபகம் இருக்கு? எங்களுக்கே இல்ல. மறுபடி கொழுந்து வளந்து, அந்த மலைக்குப் போக முறை வந்திச்சி. வியாழக்கெழமை.”

“நீங்க இத எங்கிட்ட சொல்லவே இல்லையேம்மா.”

“சொல்லி?”

உள்ளே போய், ரவிக்கை தைக்கும் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். நான் தடுக்கவில்லை. படத்தின் மேல்பகுதியை, மரத்தையும் பனியையும் சேர்த்து, நேராக வெட்டினாள். வெட்டிய துண்டைக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தாள். எரிந்து முடியும்வரை நின்று பார்த்தாள். மிச்சத்தை மாதா படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, அன்றைக்குச் சமைக்க வேண்டியதைச் சமைக்கப் போனாள்.

படத்தை எடுத்தவருக்கு எழுத வேண்டும் என்பது சேரின் யோசனை. அவரே எனக்காக ஆங்கிலத்தில் எழுதினார். நான் சொல்லச் சொல்ல, கணக்குப் போடுவதைப் போல ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி எழுதினார். குளவிக் கூட்டைப் பற்றி எழுத வேண்டுமா என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன். நிறுவனம் அதை அவருக்கு அனுப்பிவைத்தது.

ஒரு மாதத்துக்குப் பிறகு பதில் வந்தது. வயதான மனிதர் போலிருந்தது. அந்தக் காலையின் பனி நினைவிருக்கிறது, பங்களாவில் கொடுத்த தேநீர் நினைவிருக்கிறது, அந்தப் பெண்ணின் முகம் மட்டும் தனக்கு நினைவில்லை என்று எழுதியிருந்தார். கூட்டைத் தான் கவனிக்கவேயில்லை என்றும், மூலப்படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தபின் இரண்டு நாள் ஒன்றும் செய்ய முடியவில்லை என்றும் எழுதியிருந்தார். தன்னை மன்னிக்கும்படி கேட்டிருந்தார். இனி அந்தப் படத்தின் கீழ் அவளுடைய பெயரைப் போட விரும்புகிறேன், பெயரை அனுப்ப முடியுமா என்றும் கேட்டிருந்தார்.

அம்மாவிடம் அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

“பேரு எதுக்கு?”

“படத்துக்குக் கீழ போடுறதுக்கும்மா. இப்ப தேயிலை பறிப்பவள்னுதான் இருக்கு.”

“மொகத்த எடுத்துக்கிட்டுப் போனாங்க. பேராவது நம்மகிட்ட இருக்கட்டும். குடுக்காத.”

“அப்ப என்ன எழுதட்டும்?”

“அந்தப் படத்த எடுத்துறச் சொல்லு. எல்லா எடத்துலயும். கொளவிக்குக் கீழ நின்னு எம்புள்ள சிரிக்கிறத ஊரெல்லாம் பாக்க வேணாம்.”

அப்படியே எழுதினோம். அந்த மனிதர் சொன்னதைச் செய்தார். படத்தை நிறுவனத்திலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார். எங்களுக்கும் ஒரு அறிவித்தல் வந்தது. அந்த எண் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது, இனி அதைத் தேட வேண்டியதில்லை.

நான் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, குறித்துவைத்திருந்த முகவரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அவள் இருந்தாள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தேன், அப்போதும் இருந்தாள்.

“சேர், இன்னும் எடுக்கலையே?”

“ஆர் எடுக்கச் சொல்லுறது, பிள்ளை? தாங்கள் விக்கிற வரைக்கும்தான் கொம்பனி துரத்தும். இப்ப உரிமை அந்த மனுசனிட்டத்தான் இருக்குது. அந்தாள் கிழவன். ஒவ்வொருத்தனா எழுதிக் கேட்டுக்கொண்டிருப்பாரே?” அவர் கொஞ்சம் தயங்கினார். “எடுக்க வேணுமெண்டு நீங்கள் கேட்டதாலதான், இனி எடுக்கச் சொல்ல ஆள் இல்லாமல் போச்சுது.”

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டாள், “எடுத்துட்டாங்களா?”

“எல்லா எடத்துலயும் எடுத்துட்டாங்கம்மா,” என்றேன்.

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நான் அந்த வேலையில் இன்னும் ஒரு வருடம் இருந்தேன். திருப்பிப் போட்ட படங்களையும் வெட்டிய படங்களையும் தானே பிடிக்கும் புதிய மென்பொருள் வந்தபின் எங்கள் மாதிரி ஆட்கள் தேவைப்படவில்லை. நான் தலவாக்கலையில் ஒரு பாடசாலைக்கு ஆசிரியையாகப் போனேன். பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுத்தேன். படம் தேடிக் காட்டும் பாடம் வரும்போது மட்டும், தேயிலை என்ற சொல்லைத் தட்டச்சு செய்ய வேண்டாம் என்று சொல்லாமல், வேறு சொற்களை நானே கொடுத்துவிடுவேன்.

இரண்டு மூன்று வருடம் கழிந்திருக்கும். அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்து, நுவரெலியா ஆஸ்பத்திரியின் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். திரும்பும்போது கடைத்தெருவில் நடந்து வந்தோம். வெளிநாட்டவருக்குத் தேயிலை விற்கும் ஒரு கடையின் கண்ணாடியில், ஆளுயரத்துக்கு அக்கா நின்றிருந்தாள். தேய்ந்த நிறத்தில், ஓரங்கள் வெயிலில் மங்கி, கூடையோடு.

நான் சட்டென்று அம்மாவுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் போய் நடந்தேன். சேலைத்தலைப்பைச் சரிசெய்வதுபோல அவள் தோளைத் தொட்டு மறுபக்கம் திருப்பினேன். கண்ணில் மருந்து விட்டிருக்கிறார்கள், ஒன்றும் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிடி கொஞ்சம் இறுகினது போல இருந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பஸ்ஸில் யன்னலோரம் அவளை உட்கார வைத்தேன். பஸ் நானுஓயாவைத் தாண்டியது. பிறகு அவள் வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

“பெரியவ வீட்டுல அப்படிச் சிரிச்சி நான் பாத்ததே இல்ல. அந்த வெள்ளக்காரன் என்னா சொல்லிச் சிரிக்க வச்சான்னுதான் தெரியல. நான் ரெண்டு வரிசை தள்ளி நின்னேன், காதுல விழல.”

நான் அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். லிந்துலை வரும்வரை அப்படியே வந்தோம்.